மிட்ச் பனி அள்ளிய இடம்

பிப்ரவரி 11, செவ்வாய்

சமையலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது. அடியில் கிண்ணம் வைத்திருக்கிறேன். நிறைந்தால் கொட்டுகிறேன். கிறிஸ்துமஸுக்கு முன்பே வாஷர் மாற்ற வேண்டும் என்று மிட்ச் சொன்னார். வாங்கியும் வைத்தார். எங்கே வைத்தார் என்று தெரியவில்லை.

பல் டாக்டர் அலுவலகத்தில் வழக்கமான வேலை. போன் எடுக்கிறேன், நாள் குறிக்கிறேன், அடுத்த வாரம் வசதிப்படுமா என்று கேட்கிறேன். என் குரல் நன்றாகத்தான் இருக்கிறது. டாக்டர்தான் என் மேசைப் பக்கம் வந்தால் மெதுவாக நடக்கிறார், தொட்டிலில் குழந்தை தூங்கும் வீட்டில் நடப்பது போல.

பனி எல்லாம் உருகிவிட்டது. நாற்காலி மட்டும் தெருவில் நிற்கிறது. எங்கள் வாசலுக்கு நேரே, இரண்டு கார்களுக்கு நடுவே, மிட்ச் பனி அள்ளி ஒதுக்கிய இடத்தில். பழைய சமையலறை நாற்காலி, பச்சை ரெக்சின், கிழிந்த இடத்தில் கறுப்பு டேப். இந்த ஊரில் பனிக்காலத்தில் யார் அள்ளினாரோ இடம் அவருடையது. நாற்காலி போட்டுவிட்டால் ஒருவரும் தொடமாட்டார்கள். பனி போனதும் உள்ளே எடுத்துவிடுவது வழக்கம். நான் எடுக்கவில்லை. ஒரு காரணமும் இல்லை, எடுக்கவில்லை, அவ்வளவுதான். என் காரையே மூலையில் சர்ச் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வருகிறேன்.

மேல் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பையன் இன்று அதை நகர்த்தப் பார்த்திருக்கிறான். பக்கத்து வீட்டு டாம் வெறுங்காலோடு ஓடிவந்து விரட்டினாராம். "கைய வெச்சே, உன் வண்டில ஒரு டயர்லயும் காத்து இருக்காதுன்னு சொல்லிட்டேன்" என்று அவரே வந்து பெருமையாகச் சொன்னார். நன்றி சொன்னேன்.

பிப்ரவரி 14

அலுவலகத்தில் எல்லோருக்கும் சாக்லேட். சாப்பிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

தவக்கால வெள்ளி. சர்ச் நிலவறையில் பியரோகிக் கொழுக்கட்டை விற்பனை. வருடா வருடம் போல நான் வெங்காயம் வதக்கினேன். வெங்காயப் பக்கம் நின்றால் அழுகிறேனா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, அது ஒரு வசதி. அழவில்லை. சும்மா வசதி.

மேயர் கஸ் வந்தார். இருபது வருடமாக அவர்தான் மேயர். ஒவ்வொரு தேர்தலுக்கும் எங்கள் வாசலில் அவர் பெயர்ப் பலகையை மிட்ச் நட்டுவைப்பார். மிட்சின் துக்கத்துக்கு வந்தபோது கஸ் என்னைவிட அதிகமாக அழுதார், அதுவும் நடிப்பில்லை. இன்றும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கட்டிப்பிடித்தார். என் முதுகில் வெண்ணெய்.

"என்ன வேணும்னாலும் கேளு ரோஸ். எதுவானாலும்" என்றார்.

லாரி வேணும் என்றேன். பனி தள்ளும் லாரி. அவர் தலையை ஆட்டிக்கொண்டே அடுத்தவருக்குக் கை கொடுக்கப் போய்விட்டார்.

எழுதிவைக்கிறேன், பிறகு மறந்துபோகும். ஜனவரியில் பனி கொட்டிய அந்த இரண்டு நாளும் எங்கள் தெரு இருக்கும் மேட்டுக்கு லாரி வரவே இல்லை. ஆற்றோரத்துக் கீழ்த்தெருக்களிலும் பாதிதான். நான் வேலை முடிந்து வருவேன், நிறுத்த இடம் வேண்டுமே என்று மிட்ச் தனியாக அள்ளியிருக்கிறார். அள்ளி முடித்து நாற்காலியையும் போட்டிருக்கிறார். என் கார் மேடு ஏறவில்லை. அடிவாரத்தில் விட்டுவிட்டு நடந்து வந்தேன். அவர் அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார், பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. "இடம் ரெடி" என்றார். ஆம்புலன்ஸும் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. ஆட்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு முழங்கால் பனியில் ஏறி வந்தார்கள். அவர்கள் வந்தபோது நான் அவர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவசரமாக எதுவும் செய்யத் தேவையில்லாமல் போயிருந்தது.

அவர் அள்ளிய இடத்தில் இதுவரை ஒரு வண்டியும் நின்றதில்லை.

மார்ச் 25, செவ்வாய்

நகரசபைக் கூட்டத்துக்கு டாம் இழுத்துக்கொண்டு போனார். ஜனவரியில் என்ன நடந்தது என்று அறிக்கை வாசிக்கப்போகிறார்களாம். கஸ்தான் வாசித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார்.

எங்கள் கார்னி தெருவில் குடியிருப்போர் நாற்காலிகளையும் பெட்டிகளையும் சாலையில் வைத்திருந்ததால் லாரி செல்ல முடியவில்லை. இனிமேல் சாலையில் நாற்காலி வைக்கத் தடை. அவ்வளவுதான் அறிக்கை.

"லாரி வந்தாத்தானேய்யா நாற்காலி தடுக்கும்?" என்று டாம் எழுந்து நின்று கேட்டார். உட்காரச் சொன்னார்கள். பேச வேண்டுமானால் முன்னாலேயே பெயர் கொடுக்க வேண்டுமாம்.

என்னைத் திரும்பிப் பார்த்தவர்கள் நிறையப் பேர். மிட்சின் நாற்காலிதான் மிட்சைக் கொன்றது என்று அந்தக் காகிதம் சொல்கிறது. அது எனக்குப் புரிந்தது. புரிந்ததே தவிர எங்கும் வலிக்கவில்லை. மரத்துப்போன ஈறில் ஊசி போடுவது மாதிரி. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், அழுத்தம் மட்டும் தெரியும், வலி தெரியாது என்று.

ஏப்ரல் 10, வியாழன்

லாரி வந்தது.

நல்ல வெயில். மேட்டின் மேல் முனை வரைக்கும் சுலபமாக ஏறியது. முன்னால் பனி தள்ளும் தகடு இல்லை, பின்னால் திறந்த தொட்டி. ஒருவர் ஓட்ட, ஒருவர் நடந்துவந்து நாற்காலிகளை எடுத்துப் போட்டார். இன்னும் வெளியே இருந்தவை நாலைந்துதான். நான் காபிக் கோப்பையோடு ஜன்னலில் நின்றேன். எங்கள் நாற்காலியை எடுக்கும்போது அந்த ஆள் வீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். கழற்றிவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு கையில் தொப்பி, ஒரு கையில் நாற்காலி. என்ன மரியாதையோ.

ஏப்ரல் 11

வேலைக்குப் போகவில்லை. ஆற்றோரத்தில் நகரசபையின் லாரிக் கொட்டகைக்குப் போனேன். பின்பக்கம், பனி உருகச் சாலையில் தூவும் உப்புக் குவியலுக்கு அருகில் நாற்காலி மலை. ஊர் முழுவதும் சேர்த்தது. தோட்ட நாற்காலி, குழந்தைச் சாப்பாட்டு நாற்காலி, ஒரு பியானோ முக்காலி, சர்ச்சிலிருந்து யாரோ தூக்கிவந்த மடக்கு நாற்காலி. உப்புக் குவியல் அப்படியே இருந்தது. குளிர்காலம் முழுக்க ஒருவரும் தொடாத மாதிரி கூராக, முழுசாக.

அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காவலுக்கு இருந்தவர் எது உங்களுடையது என்று கேட்டார். பச்சை என்றேன். "நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்மா. திரும்பிப் பாக்கறப்ப ஒண்ணு கொறஞ்சிருந்தா எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். திரும்பிக்கொண்டார்.

அதே இடத்தில் கொண்டுவந்து வைத்தேன். பிறகு நகரசபைக்குப் போன் செய்து அடுத்த கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்?

ஏப்ரல் 22, செவ்வாய்

பேசினேன். மேடைக்கு எதிரே சின்ன மேசை, மைக், மூன்று விளக்கு. பச்சை எரிந்தால் பேசலாம், சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். ஒருவருக்கு மூன்று நிமிடம்.

பெயரும் தெருவும் சொன்னேன். ஞாபகம் இருக்கிறவரை நான் சொன்னது இதுதான்:

"ஜனவரில பனி அள்ள லாரி வரல. ஏப்ரல்ல நாற்காலி அள்ள வந்துச்சு. உப்புக் குவியலையும் பாத்துட்டு வந்தேன், முழுசா இருக்கு. கஸ், உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. கோபம் வந்தா நல்லாருக்கும், வரல. நீங்க நல்ல மனுஷன். நல்லவராவே களைச்சுப்போயிட்டீங்க. இந்த ஊருக்கு வேற ஆள் வேணும். புது ஆள். யாருன்னு எனக்குத் தெரியாது. நான் இல்ல. ஆனா வேற ஆள்."

அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் விளக்கு இன்னும் பச்சையாக இருந்தது. சிவப்பு எரியாமல் போகலாமா கூடாதா என்று தெரியவில்லை, அதனால் நின்றேன். உறுப்பினர்கள் காகிதத்தைப் பார்த்தார்கள். பின்னால் யாரோ அழுவது கேட்டது. மஞ்சள் எரிந்தது, சிவப்பு எரிந்தது, வந்து உட்கார்ந்தேன்.

"ரோஸ், நீயே இப்படிப் பேசலாமா? மிட்ச் இருந்தா மனசு ஒடஞ்சுபோயிருப்பான்" என்றார் கஸ். என் நேரம் முடிந்துவிட்டதால் பதில் சொல்ல அனுமதி இல்லை.

ஏப்ரல் 24

நான் நின்றதை யாரோ போனில் படம் பிடித்திருக்கிறார்கள். ஊரெல்லாம் பார்க்கிறதாம். பேசினதை வெட்டிவிட்டு நின்றதை மட்டும் போட்டிருக்கிறார்கள். கீழே "மிட்சுக்காக" என்று எழுதியிருக்கிறது. நான் கேட்டது புது ஆளை.

ஜூன் 17, செவ்வாய்

ஒரு பெண் வந்தாள். டெனீஸ் கார்வர். பள்ளிப் பேருந்துகளை அனுப்பும் வேலை. எந்த வண்டி எந்தத் தெரு ஏறும், எது ஏறாது என்பதெல்லாம் மனப்பாடம். கீழ்த்தெருவில் பதினோரு வருடமாக இருக்கிறாள், மேட்டுக்காரர்கள் இன்னும் "புதுசா வந்தவ" என்கிறார்கள். கஸ்ஸை எதிர்த்து நிற்கப்போகிறாள். கட்சி இல்லை, கையெழுத்து சேர்த்துத்தான் நிற்க வேண்டும். முதல் கையெழுத்து நான் போட்டேன்.

அடிவாரத்தில் காரை விட்டு நடந்து வந்திருந்தாள், மூச்சு வாங்கியது. வாசலில் இடம் இருந்ததே என்றேன்.

"நாற்காலியப் பாத்தேன், மிஸஸ் ஹுடாக்."

ரோசலி என்று கூப்பிடச் சொன்னேன். மிட்சின் படத்தைத் தேர்தல் துண்டறிக்கையில் போடலாமா என்று கேட்க வந்தாளாம். வந்த பிறகு கேட்க மனசில்லை என்று அவளே சொன்னாள். போட வேண்டாம் என்றேன். எழுந்து போகும்போது குழாய் சொட்டுவதைப் பார்த்தாள். பையிலிருந்து ஸ்பேனர் எடுத்தாள். பையில் ஸ்பேனர் வைத்திருக்கிறாள்! வாஷர் இல்லை, இருந்தாலும் இறுக்கினாள். இப்போது மெதுவாகச் சொட்டுகிறது.

இவள் செய்வாள் என்று தோன்றியது. பல மாதத்தில் எனக்கு ஏதோ ஒன்று தோன்றியது இதுதான் முதல்.

ஆகஸ்ட் 30

மேட்டில் ஒரு வீட்டிலும் கஸ்ஸின் பலகை இல்லை. டெனீஸின் பலகை என் வாசலில் மட்டும். மற்ற வீடுகளில் முன்படியில் ஒரு வெறும் நாற்காலி வைத்திருக்கிறார்கள். படியில் வைத்தால் தடை செல்லாதாம். டாம் ஏற்பாடு.

டெனீஸுக்குத்தானே போடப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

"நீ கவலைப்படாத ரோஸ். மேடு பூரா ஒரே ஓட்டு. கஸ்ஸுக்கு ஒண்ணு விழாது" என்றார். கண்ணடித்தார். எதற்குக் கண்ணடித்தார் என்று தெரியவில்லை.

அக்டோபர் 12

திருமண நாள். குழாய் சொட்டுகிறது.

நவம்பர் 4, செவ்வாய்

தீயணைப்பு நிலையத்தில் வாக்குப்பதிவு. வேலைக்கு முன்னால் போனேன். மேயர் பதவிக்கு இரண்டு பெயர், பக்கத்தில் வட்டம். அதற்குக் கீழே ஒரு வெறும் கோடு, வேறு யார் பெயரையாவது எழுத விரும்பினால் எழுதலாம்.

அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேனா அதன் மேலேயே இருந்தது. எழுதியிருப்பேன். "அசடு, அங்க எதுக்கு என்னைய இழுக்கறே" என்று மிட்ச் சொல்வது அப்படியே கேட்டது. டெனீஸின் வட்டத்தை நிரப்பினேன். விளிம்பைத் தாண்டாமல், நிதானமாக நிரப்பினேன்.

நவம்பர் 5, புதன்

கஸ் ஜெயித்துவிட்டார். முந்நூறு ஓட்டுக்கும் குறைவான வித்தியாசம்.

மாலையில் டாம் வந்தார். பின்னால் தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர். கையில் கேக். தோற்ற வீட்டுக்குக் கேக்கா என்று நினைத்தேன். எல்லோர் முகமும் சர்ச்சில் ஞானஸ்நானத்துக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தது.

"எழுதிட்டோம் ரோஸ். மேடு பூரா அவன் பேரத்தான் எழுதினோம். மிட்ச் ஹுடாக். நானூறு ஓட்டு இருக்கும். இந்த ஊர்ல எவனுக்கு வந்திருக்கு அப்படி ஒரு மரியாதை?"

கேக்கை வாங்கி மேசையில் வைத்தேன்.

"ஒனக்குத் தெரியக் கூடாதுன்னு வெச்சிருந்தோம்" என்றார் டாம். அவர் கண் கலங்கியிருந்தது.

இவர்களுக்குக் கணக்குத் தெரியாதா? தெரியும். போட்டதைக் கூட்டிப் பார்க்கத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். கஸ்ஸுக்குப் போட முடியாது, கீழ்த்தெருக்காரிக்குப் போட மனசு வராது. மிட்ச் அவர்களுக்குப் பழகின பெயர். பழகின பெயரை எழுதினால் தப்பாகாது என்று நினைத்திருக்கிறார்கள். நான் என்ன கேட்டேன் அன்றைக்கு? புது ஆள் வேணும்னு கேட்டேன். கேட்டு முடிச்சிட்டு வாயத் தொறக்காம நின்னேன் பாரு, அந்த நிக்கறத மட்டும் கேட்டிருக்காங்க. எல்லாரும் சேந்து செத்தவருக்கு ஓட்டுப் போட்டு, அவர சாகவிட்ட ஆளையே திரும்ப உக்கார வெச்சுட்டாங்க. அதுக்குக் கேக் வேற.

கேக்கை வெட்டினேன். எல்லோருக்கும் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு மீதிக் கேக்கைச் சுவரில் எறிந்தேன்.

கோபம். கோபம்தான் இது. வந்துவிட்டது.

நவம்பர் 6

கஸ் போன் செய்தார். "மிட்சுக்கு எத்தன ஓட்டு பாத்தியா ரோஸ்? எனக்கே பெருமையா இருக்கு" என்றார். மனதாரத்தான் சொன்னார். பாதியில் போனை வைத்தேன். யார் போனையும் நான் அப்படி வைத்ததில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

டெனீஸ் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்லப் போனேன் என்று தெரியாமலேயே போனேன். பலகைகளை நிலவறையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உயிரோட இருக்கறவன்னா அவன் கொறையச் சொல்லலாம். உங்க வீட்டுக்காரர்கிட்ட என்ன கொறை சொல்ல?" என்றாள். அவருக்கு வாஷர் மாற்றத் தெரியும், மாற்ற நேரம் மட்டும் வராது என்றேன். அவள் சிரித்தாள். பிறகு நான் அழுதேன். சாதாரணமாக, மூக்கு ஒழுக. தேநீர் ஆறிப்போகும் வரைக்கும் அழுதேன். அவள் பலகைகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள், அது நன்றாக இருந்தது.

குளிர்காலத்தில் ஒவ்வொரு கூட்டத்திலும் பேசப் பெயர் கொடுக்கப்போகிறாளாம். லாரி எந்தத் தெருவுக்கு வந்தது, எதற்கு வரவில்லை, அது மட்டும். நானும் வருகிறேன் என்றேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

முதல் பெரிய பனி. கார் சக்கரம் முக்கால்வாசி மூழ்கிவிட்டது. மதியம் வரை மேட்டுக்கு லாரி வரவில்லை.

டெனீஸ் போன் செய்தாள். என் கார் சர்ச் மூலையில் புதைந்துகிடக்கிறது, அதனால் கூட்டத்துக்கு அவளே வந்து கூட்டிப்போகிறாள். டயரில் சங்கிலி கட்டிவிட்டாளாம், ஏறிவிடுமாம். எங்கே நிறுத்துவது என்றுதான் கேட்கவில்லை. கேட்கமாட்டாள்.

பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கினேன். நாற்காலி உட்காரும் பலகை வரை பனியில் மூழ்கியிருந்தது. இழுத்து எடுத்து உதறி உள்ளே கொண்டுபோனேன். பிறகு அந்த இடத்தை அள்ளினேன். இடையிடையே நின்று நின்று அள்ளினேன். நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற அளவுக்கு யாரும் அள்ளக் கூடாது. தரை தெரிந்தது.

அவள் சங்கிலி கலகலக்க ஏறி வந்தாள். இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கை காட்டினேன். ஒரே திருப்பில் உள்ளே விட்டாள்.

டாம் சட்டை பொத்தான்கூடப் போடாமல் வெளியே வந்துவிட்டார். "ஏய், எடு வண்டிய! அது யாரு எடம்னு தெரியுமா? மிட்ச் எடம் அது!"

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றேன்.

"ரோஸ், அது மிட்ச்சோட எடம்."

"மிட்ச் இனிமே வரமாட்டாரு, டாம்."

பனி டாம் தலையில் விழுந்துகொண்டே இருந்தது. டெனீஸ் கதவைத் திறந்து பாதி இறங்கியபடி நின்றாள், போவதா இருப்பதா என்று தெரியாமல். கொஞ்ச நேரம் கழித்து டாம் தன் வீட்டுக்குள் போனார். கதவைச் சாத்திக்கொள்ளப்போகிறார் என்று நினைத்தேன். கோட்டு மாட்டிக்கொண்டு பனி அள்ளும் ஷவலோடு வந்தார். அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் அவள் வண்டியின் பின்சக்கரத்தைச் சுற்றி அள்ளத் தொடங்கினார்.

"கூட்டம் எத்தன மணிக்கு?" என்று என்னிடம்தான் கேட்டார்.

அவரும் போனில் பெயர் கொடுத்தால் பேச மூன்று பேராகிவிடும், கோட்டு மாட்டிக்கொண்டு வரச் சொன்னாள் டெனீஸ். மாட்டித்தான் இருக்கிறேன், கண் தெரியலையா என்றார். அவர்கள் முதன்முதலில் பேசிக்கொண்டது அதுதான்.

கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. டெனீஸ் வாஷர் வாங்கி வந்திருக்கிறாள், குழாய்க்கு அடியில் படுத்திருக்கிறாள். நான் பச்சை நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஈரம் இன்னும் காயவில்லை, ஒரு கால் ஆடுகிறது.